ஏரிக்கரையோரம் ஐந்து பாகை

எங்கள் பக்கத்து வானிலை அறிக்கைக்கு ஒரு வால் உண்டு. ரொறன்ரோவில் இன்று அதிகபட்சம் பன்னிரண்டு பாகை என்று நல்ல வார்த்தையாகத்தான் தொடங்குவார்கள். ஜக்கெட்டைக் கழற்றி வைக்கலாமா என்று நாங்கள் யோசிக்கிற நேரத்தில், ஏரிக்கரையோரம் ஐந்து என்று மெல்லச் சேர்த்துவிடுவார்கள். அந்த வாலில் குடியிருப்பவர்கள் நாங்கள். மோர்னிங்சைட்டில், பதினோராம் மாடியில், தெற்கே ஏரி தெரிகிற வீடு. அந்தக் காட்சிக்கு ஆசைப்பட்டுத்தான் வாடகைக்கு எடுத்தோம். ஏப்ரல் மாதத்தில் ஏரி தன் குளிரைக் கட்டிக்கொண்டு நேரே எங்கள் ஜன்னலுக்கு வரும் என்று அப்போது ஒருவரும் சொல்லவில்லை.

மகளுக்கு இப்போது ஆறு வயது. ஜக்கெட்டின் சிப்பைப் பூட்டாமல் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு ஓடுகிறவள். நான் பின்னால் நின்று கத்துவேன். அவளுக்குக் கேட்பதில்லை, அல்லது கேட்காத மாதிரி ஓடுகிறாள். அவள் பிறந்த வசந்தத்தில் அவளை வைத்துக்கொண்டு நான் வாசற்கதவைத் தாண்டாமல் இருந்தேன் என்று சொன்னால் நம்பமாட்டாள். அதனால் இன்னும் சொல்லவில்லை.

ஐந்து வாரம் முந்திப் பிறந்தவள். மார்ச் கடைசியில், வெளியே பனி கரைந்து சேறாகக் கிடந்த நாட்களில். பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். பெட்டிக்கு மேலே அவளுடைய உடல் வெப்பம் சிவப்பு எண்களில் எரியும். பிள்ளைக்குத் தன் சூட்டைத் தானே பிடித்துவைத்திருக்க இன்னும் தெரியாது, பழகிக்கொள்வாள் என்று தாதி சொன்னார். பத்தாம் நாள் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தார்கள். நான் பையை அடுக்கிவிட்டேன். கணவர் காரிலிருந்து பிள்ளையின் இருக்கையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டார். அரை மணித்தியாலத்தில் எண் இறங்கத் தொடங்கியது. முப்பத்தைந்து புள்ளி எட்டு வந்ததும் தாதி பிள்ளையை வாங்கிப் பெட்டிக்குள் திருப்பி வைத்தார். வெறும் இருக்கையுடன் நாங்கள் லிஃப்ற்றில் இறங்கினோம். அந்த எண் எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

ஒருவழியாக வீட்டுக்கு வந்த பிறகு நான் செய்ததெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று இப்போது தெரிகிறது. அப்போது அதுதான் தாய்மை என்று நினைத்தேன். வீட்டுச் சூட்டை இருபத்தாறில் வைத்தேன். பல்கனிக் கதவின் விளிம்பெல்லாம் காற்று புகாமல் அகலமான ரேப் நாடா ஒட்டினேன். ஜன்னல்களுக்கும் ஒட்டினேன். ஒரு நாளைக்கு ஆறு தடவை பிள்ளையின் கையைத் தூக்கிக் கமக்கட்டில் வெப்பமானியை வைத்துப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதினேன். கணவர் பெனியனுடன் வியர்த்துக்கொண்டு திரிந்தார். பத்தியம் பார்க்க ஒஷாவாவில் இருக்கிற அண்ணா வீட்டிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு மட்டும் அந்தச் சூடு வலு சந்தோஷம். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் இப்போதுதான் ஒரு வீடு வீடாக இருக்கிறது என்றார். அப்படிச் சொல்லும்போதும் இரண்டு சுவெட்டரும் கம்பளித் தொப்பியும் போட்டிருந்தார்.

எங்கள் ஆட்களுக்குப் பிள்ளை பிறந்து முப்பத்தொன்று முக்கியமான நாள். அதுவரைக்கும் பிள்ளை பெற்ற தீட்டு, வீடு துடக்கு. முப்பத்தோராம் நாள் வீட்டைக் கழுவி, துணியெல்லாம் தோய்த்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, சாம்பிராணி காட்டி, ஐயரைக் கூப்பிட்டுத் துடக்குக் கழிப்போம். பிறகு பிள்ளையை வெளியே கொண்டுபோய்ச் சூரியனுக்குக் காட்டவேண்டும். எங்களுக்கு அந்த நாள் ஏப்ரல் கடைசியில், ஒரு வியாழக்கிழமை வந்தது.

அந்த வாரத்து அறிக்கை இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை மாலை போனில் பார்த்தேன். திங்கள் மழை, இடையில் ஈரப்பனி. செவ்வாய் ஏரியிலிருந்து கிழக்குக் காற்று. புதன் நாள் முழுக்க மேகம். வியாழன் காலையில் பனிமூட்டம், அதிகபட்சம் பன்னிரண்டு, ஏரிக்கரையோரம் ஐந்து. வெள்ளி பாதி மேகம். சனிக்கிழமைக்கு நேரே மட்டும் மஞ்சள் நிறத்தில் முழுச் சூரியன் ஒன்று போட்டிருந்தார்கள்.

"சனிக்கிழமை காட்டுவம். ஜன்னல் கண்ணாடிக்குள்ளாலை" என்றேன்.

அம்மா பிள்ளை பெற்றவளுக்கென்று வைக்கிற சரக்குக் கறிக்கு அரைத்துக்கொண்டிருந்த மிக்ஸியை நிற்பாட்டினார். "கண்ணாடிக்குள்ளாலை காட்டுறதோ? ரீவியிலை காட்டுற மாதிரியோ? முப்பத்தொண்டு எண்டால் முப்பத்தொண்டுதான். உந்தப் போனைப் பாத்தோ பிள்ளை பெத்தனி?"

அம்மா போன் காட்டும் வானிலையை நம்புவதில்லை. தமிழ் வானொலியில் மரண அறிவித்தலுக்கும் வீடு விற்பவரின் விளம்பரத்துக்கும் நடுவே வாசிக்கிற வானிலையை நம்புவார். இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னால், குரல் வித்தியாசம் என்பார்.

கணவருக்கு வானிலை தொழில். மாரியில் கட்டடங்களின் வாகனத் தரிப்பிடங்களில் பனி தள்ளி உப்புப் போடுவார். வசந்தத்தில் அதே இடங்களைக் கூட்டிக் கழுவி, புல்லுக்குப் பசளை போடுவார். காலை ஐந்து மணிக்கு வெளிக்கிடும்போதே வானத்தையும் போனையும் மாறி மாறிப் பார்ப்பார். அந்த வாரம் ஏரியை விட்டு வடக்கே தள்ளி இருக்கிற மார்க்கம் நகரில் வேலை. மத்தியானம் அழைத்து, "இஞ்சை நல்ல வெயில்" என்பார். நான் ஜன்னலால் பார்ப்பேன். ஏரியும் வானமும் ஒரே சாம்பல் நிறமாக இருக்கும். "அது மார்க்கம். இஞ்சை வேறை" என்பேன். அவர் நல்ல செய்தி சொல்லித் தோற்றவர் போல, "சரி சரி" என்று வைத்துவிடுவார்.

அவருக்கு ஒன்று தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து விடும்போது, வாராவாரம் குடும்ப வைத்தியரிடம் கொண்டுபோய்ப் பிள்ளையின் நிறை பார்க்கவேண்டும் என்று எழுதித் தந்திருந்தார்கள். முந்திப் பிறந்த பிள்ளை, நிறை ஏறாவிட்டால் திரும்பவும் ஆஸ்பத்திரியில் அனுமதிக்கவேண்டி வரலாம் என்று வாயாலும் சொல்லியிருந்தார்கள். முதலாவது தவணையன்று காலையில் மழை. நான் கிளினிக்கை அழைத்து, வானிலை சரியில்லை, வரமுடியாது என்றேன். அந்தப் பெண் அடுத்த வாரத்தில் ஒரு நாள் தந்தார். அதையும் தள்ளிவைத்தேன். அன்று காற்று. அப்படித் தள்ளியது அந்த வாரச் செவ்வாய்க்கிழமை. இரண்டு தடவையும் போனை வைத்ததும் எனக்கு உடம்பு லேசாகிவிட்டது. என்னைத் துரத்தி வந்த யாரோ திரும்பிப் போய்விட்ட மாதிரி ஒரு நிம்மதி. கணவர் கேட்டபோது, வைத்தியர் விடுமுறையாம் என்றேன். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவரிடம் நான் சொன்ன பெரிய பொய் அதுதான். கூச்சமில்லாமல் சொன்னேன்.

புதன்கிழமை கிளினிக்கிலிருந்து அவரையே அழைத்துவிட்டார்கள்.

மாலை வந்தவர், என் சட்டப்படி முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு அறைக்குள் வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தார். பிள்ளை என் நெஞ்சில் நித்திரை.

"கிளினிக்கிலையிருந்து எடுத்தவை" என்றார். "ரெண்டு தரம் கான்சல் பண்ணினீராம். காலநிலை சரியில்லையெண்டு சொன்னீராம்."

நான் ஏச்சுக்குக் காத்திருந்தேன். ஏசியிருந்தால் எனக்கும் திருப்பி ஏச வசதியாக இருந்திருக்கும்.

"முதல் தரம் மழை" என்றேன்.

"மற்றத் தரம்?"

"காத்து."

"நேற்றோ? நேற்று நான் ரீசேர்ட்டோடை நிண்டு வேலை செய்தனான்."

"அது மார்க்கம். இஞ்சை ஏரிக்கரையோரம்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. அதற்குப் பிறகு அழுகை வந்துவிட்டது. பிள்ளை குலுங்காமல் அழுவதற்கு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. அவர் என் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தார். "நீர் பயப்பிடுறீர் எண்டு தெரியும். இவ்வளவு எண்டு தெரியேல்லை. என்னட்டைச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

சொல்லியிருக்கலாம்தான். ஆனால் என்னவென்று சொல்வது? அந்த எண் திரும்ப வரும் என்று எனக்குத் தெரியும், கதவைத் திறந்தால் அது வெளியே நிற்கிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

"வெள்ளிக்கிழமைக்கு அப்பொயின்ற்மென்ற் எடுத்திருக்கிறன். எனக்கு லீவும் போட்டிட்டன். வருவீரோ?"

"வெள்ளி எப்பிடியெண்டு பாத்திட்டு..." என்று போனை எடுத்தேன்.

"பாராதையும்" என்றார். குரலில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது. "நான் காலநிலை பாக்கிறது வெளியிலை போறதுக்கு. நீர் பாக்கிறது போகாமல் இருக்கிறதுக்கு. உமக்கு ஏலாட்டில் நான் தனியக் கொண்டுபோய் நிறை பாத்துக்கொண்டு வாறன். பிள்ளையின்ரை நிறை தெரியாமல் இருக்கேலாது."

அவர் சொன்னதைச் செய்வார். அந்த இருக்கையில் பிள்ளையை வைத்து, நான் இல்லாமல், கதவு சாத்தப்படுவதை இரவு முழுக்க நினைத்துப் பார்த்தேன். கூடப் போவேன் என்று சொல்ல வாய் வரவில்லை. போகவேண்டாம் என்று சொல்லவும் நியாயம் இல்லை. வானிலையைத் தவிர என்னிடம் ஒரு காரணமும் கிடையாது. அதையும் அவர் பிடுங்கிக்கொண்டுவிட்டார்.

வியாழன் காலை அவர் வேலைக்குப் போய்விட்டார். ஐயர் பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது. அம்மா விடியவே எழும்பி வீட்டைத் துடைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, அடுப்பில் கரித்துண்டு பற்றவைத்தார். சாம்பிராணிப் புகை பிள்ளைக்குக் கூடாது என்று நான் அவளைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் துவாயைச் சொருகினேன். கூரையில் இருக்கிற புகை மணி கத்தாமல் இருக்க அம்மா கதிரையில் ஏறி அதற்குக் குளியல் தொப்பி மாட்டியிருக்கிறார். செய்யக்கூடாத வேலை. எங்கள் ஆட்கள் வீட்டில் பாதிப்பேர் விசேஷ நாட்களில் செய்கிற வேலையும் அதுதான்.

துடக்குப் போகவேண்டும் என்று அம்மா சாம்பிராணியை அள்ளிப் போட்டிருக்கிறார். வீடு புகையால் நிரம்பிவிட்டது. ஜன்னலைத் திறக்கப் போனால் ரேப். பல்கனிக் கதவுக்கும் ரேப். கண் எரிந்து இருமல் வந்ததும், இருந்த ஒரே வழியாக வாசற்கதவை அகலத் திறந்து, சேலைத் தலைப்பால் புகையை வெளியே வீசித் தள்ளியிருக்கிறார். வெளியே இருப்பது கட்டடத்தின் நடைபாதை. அதன் கூரையில் இருக்கிற மணிக்குத் தொப்பி கிடையாது.

இருபது மாடிக்கும் சேர்த்து அலறத் தொடங்கியது.

"எணை அம்மா, என்ன செய்தனியள்?" என்று நான் கத்திக்கொண்டு ஓடிவந்தேன். அம்மா தூபக்காலைக் கையில் பிடித்தபடி நின்றார். "நானொண்டும் செய்யேல்லை. கதவைத்தான் திறந்தனான்" என்றார். வீட்டுக்குள் நெருப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சத்தத்தில் பிள்ளையின் உடம்பு விறைத்துப்போய், அவள் வாயைத் திறந்து சத்தம் வராமல் அழுதாள். அதைப் பார்த்த பிறகு வேறு ஒன்றும் யோசிக்கத் தோன்றவில்லை. ஆஸ்பத்திரியில் பழக்கிய மாதிரி அவளை என் சட்டைக்குள் விட்டு, தோலோடு தோலாக அணைத்துக்கொண்டேன். கதவில் கணவரின் வேலை ஜக்கெட் தொங்கியது. செம்மஞ்சள் நிறத்தில், வெள்ளிப் பட்டி வைத்து, உப்பும் பசளையும் மணக்கிற பெரிய ஜக்கெட். அதை இரண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டு சிப்பை இழுத்தேன். போனை எடுக்கவில்லை. வெப்பமானியை எடுத்தேன்.

லிஃப்ற் நின்றுவிட்டது. பதினொரு மாடிப் படிகள். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். "நீ போ, நான் வாறன்" என்று அம்மா சொல்லச் சொல்ல, நான் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று இறங்கினேன். எட்டாம் மாடியில் பிஜாமாவுடன் வந்த ஒரு மனிதர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கீழே யாரோ கதவைத் தள்ளித் திறந்தார்கள். நான் வெளியே வந்துவிட்டேன்.

குளிர் முகத்தில் அடித்தது. ஐந்து பாகை என்றால் ஐந்து பாகைதான், அறிக்கையில் பொய் இல்லை. ஏரியிலிருந்து வந்த பனிமூட்டம் வாகனத் தரிப்பிடத்தை மூடியிருந்தது. நாலு கார் தள்ளி நிற்பவர் நிழலாகத் தெரிந்தார். கட்டடத்து ஆட்கள் எல்லோரும் இரவு உடுப்புடன் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். ஒரு பெண் மூக்கைச் சுருக்கி, கோயில் மணக்கிறதே என்று ஆங்கிலத்தில் சொன்னார். அம்மா சேலைத் தலைப்பை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

நான் சுவரோடு சாய்ந்து நின்று ஜக்கெட்டுக்குள் கையை விட்டு, பிள்ளையின் கமக்கட்டில் வெப்பமானியை வைத்தேன். அந்த ஒரு நிமிஷத்தில் நான் கும்பிடாத கடவுள் இல்லை. வெப்பமானி கீச்சிட்டது. எடுத்துப் பார்த்தேன்.

முப்பத்தாறு புள்ளி எட்டு.

நம்பாமல் மறுபக்கமும் வைத்துப் பார்த்தேன். அதேதான். இருபத்தாறு பாகை வீட்டுக்குள், ரேப் ஒட்டிய ஜன்னலுக்குப் பின்னால், காலையில் கொப்பியில் எழுதியதும் அதேதான். என் பிள்ளைக்குத் தன் சூட்டைப் பிடித்துவைத்திருக்கத் தெரிந்திருக்கிறது. எப்போது பழகினாளோ தெரியாது. நான் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை.

"இஞ்சை பார், இஞ்சை பார்" என்று அம்மா என் தோளைத் தட்டினார். "அந்தா, புகாருக்குள்ளை."

கட்டடத்தின் மூலைக்கு மேலே, பனிமூட்டத்துக்குள், சூரியன் நின்றது. கதிர் இல்லை, கூச்சம் இல்லை. கவிழ்த்து வைத்த வெள்ளைக் கோப்பையின் அடி மாதிரி வட்டமாக இருந்தது. நாங்களும் கண் கூசாமல் நேரே பார்க்கலாம் போல இருந்தது.

பிள்ளைக்கு வெளிச்சம் ஆகாது. அறையில் லைற்றைப் போட்டாலே கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். சனிக்கிழமையின் அந்த மஞ்சள் சூரியனுக்கு அவளைக் காட்டியிருந்தால் மூடிய கண்ணுக்குத்தான் காட்டியிருப்போம். நான் சிப்பைக் கொஞ்சம் இறக்கினேன். அவளுடைய தலை வெளியே வந்தது. கன்னத்தில் அம்மா வைத்த கறுப்புப் பொட்டு கலைந்து காது வரை போயிருந்தது. அவள் இரண்டு கண்ணையும் திறந்தாள். பார்த்தாளா, வெளிச்சத்தின் பக்கம் சும்மா திரும்பினாளா, முப்பத்தொரு நாள் பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்றெல்லாம் வைத்தியர்கள் சொல்லட்டும். அவள் பார்த்தாள். சிமிட்டாமல், அதற்கென்றே வந்தவள் மாதிரிப் பார்த்தாள்.

அம்மாவின் கழுத்தில் தொங்கிய போன் அடித்தது. கணவர். என் போனுக்கு எடுத்து எடுத்துக் களைத்திருக்கிறார்.

"வெளியிலை நிக்கிறம்" என்று அம்மா உரத்துச் சொன்னார். "ஓம், பிள்ளையும். ஓம், இவளும். ஆரோ புகை போட்டிட்டினம் போல." பிறகு போனை என் காதில் வைத்தார்.

"நீர் வெளியிலையோ?" என்று கேட்டார்.

"ஓம்."

அங்கே இரைந்துகொண்டிருந்த இயந்திரத்தை அவர் நிற்பாட்டுவது கேட்டது. மூக்கை உறிஞ்சினார்.

"குளிருதோ?"

"ஓம், குளிருது."

"பிள்ளைக்கு?"

"பிள்ளை சூரியனைப் பாத்துக்கொண்டு நிக்கிறாள்" என்றேன். "நாளைக்கு நானும் வாறன். தனியக் கொண்டுபோகாதையுங்கோ."

தீயணைப்பு வீரர்கள் வந்து மேலே போய், குளியல் தொப்பியைக் கையில் பிடித்தபடி இறங்கி வந்தார்கள். அதற்குப் பிறகு அம்மா வாங்கிக் கட்டியதை எழுதினால் அம்மாவுக்குப் பிடிக்காது. ஐயர் வந்து எங்களை வாகனத் தரிப்பிடத்தில் கண்டு, பிள்ளையைக் காட்டியாச்சோ என்று கேட்டார். அம்மா பெருமையாக, "காட்டியாச்சு" என்றார்.

வெள்ளிக்கிழமை கிளினிக்கில் பிள்ளையை உரித்துத் தராசில் வைத்தார்கள். குளிர்ந்த தட்டு முதுகில் பட்டதும், போன வாரம் வரை பூனைக்குட்டி போல அழுதவள் பெரிய சத்தம் போட்டு அழுதாள். நிறை ஏறியிருந்தது. தாதி எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடவே ஏறியிருந்தது. கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அழும்போது சுவரைத்தான் பார்ப்பார். நான் பிள்ளைக்குச் சட்டை போட்டு, அவளுடைய சின்ன ஜக்கெட்டின் சிப்பைக் கழுத்துவரை பூட்டினேன்.

காலையிலிருந்து உள்ளேயே வேலை செய்கிறேன், வெளியே எப்படி இருக்கிறது என்று தாதி கேட்டார். நான் வாயைத் திறந்தேன். எண் ஒன்றும் வரவில்லை. அன்று காலை நான் அறிக்கை பார்க்கவில்லை.

"குளிர்தான்" என்றேன். "ஆனால் போகலாம்."